வீட்டுப் பஞ்சமும் ஜாதித் திமிரும்

ஒரகடத்திலுள்ள ஒரு தொழிற்சாலையில் பிட்டர் வேலை பார்க்கும் நமது தோழர் ஒருவர், மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு மூன்று வருஷ காலமாக ஓர் அறையில் நான்கு பேருடன் படுத்துக் கிடந்தவர், சென்ற மாதம் குன்றத்தூரில் வாடகைக்கு வீடு தேடினார். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகப் பதினொரு வீடு பார்த்தார். பதினோராவது வீட்டுக்காரர் வாடகை சொன்னார்; பத்து மாத அட்வான்ஸ் என்றார்; தோழர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகுதான் வீட்டுக்காரருக்குத் தம்முடைய ஆசாரம் ஞாபகத்திற்கு வந்தது.

"சொந்த ஊர் எதுப்பா?"

"விழுப்புரம் பக்கங்க."

"அதிலே எந்தத் தெரு?"

தோழர் தெருவைச் சொன்னார். வீட்டுக்காரர் சாவியை மடியில் செருகிக்கொண்டு, "மச்சினன் ஒருத்தன் கேட்டிருந்தான், மறந்தே போச்சு. சாயந்திரம் போன் பண்றேன்" என்றார். காலியாயிருந்த வீடு அரை நிமிஷத்தில் மச்சினனால் நிரம்பிவிட்டது. போன் இன்றுவரை வரவில்லை.

இதை எழுதுவதன் நோக்கம் அந்த ஒரு வீட்டுக்காரரை வைவதற்கல்ல. வைது ஆகவேண்டிய காரியமுமில்லை. ஒரு மனிதன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தெரு என்று கேட்கும்படியான தைரியம் அவனுக்கு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். ஜாதிப் புத்தி ஒரு காரணம். அது எல்லோருக்கும் தெரிந்தது, நாமும் வாரந்தோறும் எழுதி வருவது. இன்னொரு காரணம், அவர் வாசலில் இன்னும் ஒன்பது பேர் நிற்கிறார்கள் என்பது. இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றி நம் கூட்டங்களில் எவரும் பேசுவதில்லை. ஆதலால் இவ்வாரம் அதைப் பற்றியே எழுதுகிறோம்.

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர் என்று பெருமை பேசுவோர் நிறைய உண்டு. அவர் பாடிய பெரியபுராணத்திலேயே நந்தனுடைய குடிசை எங்கே இருந்தது என்று அந்தப் பெருமைக்காரர்களைக் கேட்டால், ஊருக்கு வெளியே புலைப்பாடியில் என்று வெட்கமில்லாமல் சொல்லுவார்கள். ஊர் இங்கே, சேரி அங்கே, நடுவில் வயல் என்று வகுத்தவன் நகர அமைப்புப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவனல்ல. ஆனால் இந்த நாட்டின் முதல் நில வகைப்பாட்டுச் சட்டம் அதுதான். அதற்குக் கெஜட்டும் இல்லை, ஆட்சேபணை சொல்ல முப்பது நாள் தவணையும் இல்லை.

இந்தச் செங்கற்பட்டு ஜில்லாவின் பழைய கதையொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1891-ம் வருஷத்தில் ஜில்லா கலெக்டராக இருந்து பார்த்த திரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர், இங்குள்ள பறையர்கள் என்று சொல்லப்பட்ட மக்களின் நிலையைப் பற்றிச் சர்க்காருக்கு ஒரு குறிப்பு எழுதினார். அவர் கண்ட விஷயங்களில் முக்கியமானது, அம்மக்கள் குடியிருந்த மனையே அவர்களுக்குச் சொந்தமில்லை என்பது. மிராசுதாரர்கள் சேரி நத்தத்தையும் தங்களுடையது என்றார்கள். கூலி கூடக் கேட்டால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்பது பதிலாயிருந்தது. விலங்கு காலில் இல்லை, வீட்டில் இருந்தது. அந்தக் குறிப்பின் விளைவாகத்தான் 1892 செப்டம்பரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்லுவது அது. அந்நிலத்தைத் திரும்பக் கேட்டுப் போராடியதில் 1994 அக்டோபரில் இதே ஜில்லாவைச் சேர்ந்த காரணையில் இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நிற்க, மிராசுதாரர் போய்விட்டார், கம்பெனிகள் வந்துவிட்டன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா டெலிபோன் ஆலை வந்து 2014-ல் மூடப்பட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் வந்தது. பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கைபோன் என்று வரிசையாக வந்தன. இவை வந்ததில் நமக்குச் சந்தோஷமே. ஏர் பிடித்தவன் மகளும் மாடு மேய்த்தவன் மகனும் யந்திரத்தின் முன் நின்று மாதச் சம்பளம் வாங்குவது, ஆயிரம் பிரசங்கங்கள் செய்யாத காரியத்தைச் செய்திருக்கிறது. ஆனால் ஆலைக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் எடுத்துத் தந்து, ரஸ்தா போட்டு, மின்சாரமும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்த சர்க்கார், அந்த ஆலையில் வேலை செய்பவன் ராத்திரி எங்கே படுப்பான் என்பதை மட்டும் வெகுகாலம் அவன் தலைவிதிக்கு விட்டுவிட்டது. தலைவிதியை நம்பாத நாமாவது அதைக் கேட்க வேண்டாமா?

தலைவிதிக்கு விட்டதன் பலன் 2021 டிசம்பரில் தெரிந்தது. பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் கெட்டுப்போன சோற்றைத் தின்று 150-க்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். கட்டிலில்லாமல் தரையில் நெருக்கிப் படுத்ததும், கக்கூஸுக்குத் தண்ணீர் இல்லாததும் அதன் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆலை சில வாரம் நின்றது. உலகமெங்கும் கைபோன் விற்கும் கம்பெனிக்குத் தலைகுனிவு வந்தது. பிறகு சர்க்காருக்கும் சுறுசுறுப்பு வந்து, சிப்காட் ஸ்தாபனம் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்குமேல் செலவழித்துப் பதின்மூன்று கட்டடங்களில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைக் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. இது நல்ல காரியம். நல்ல காரியத்தை நல்ல காரியம் என்று சொல்ல நாம் கூசுவதில்லை.

ஆனாலும் தோழர்களே, ஓர் அறைக்கு ஆறு கட்டில் போட்ட விடுதி வீடாகாது. கட்டில் தருகிறவன் வேலையையும் சேர்த்துத் தருகிறான். வேலை போனால் கட்டிலும் போகும். சங்கம் வைக்கலாமா, சம்பளம் உயர்த்திக் கேட்கலாமா என்று யோசிக்கிற பெண், கூடவே ராத்திரி எங்கே படுப்பது என்பதையும் யோசித்தாக வேண்டும். 1891-ல் திரமென்ஹீர் கண்ட விலங்கு இதுதான், வெள்ளையடித்து மின்விசிறி போட்டிருக்கிறது என்று சொன்னால் அது மிகையா என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். அன்றியும், அந்தப் பெண் கலியாணம் செய்துகொண்டால் என்ன ஆகும்? கட்டில் தம்பதிகளுக்கில்லை. பிள்ளை பெற்றால் பிள்ளைக்கும் இல்லை. மணமான பெண்களை அந்த ஆலை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் செய்தி வெளியாகி, கம்பெனி அதை மறுத்து, மத்திய சர்க்கார் விளக்கம் கேட்கும் அளவுக்குப் போயிற்று. அந்தச் செய்தியின் உண்மை எப்படியிருந்தாலும், குடும்பத்திற்கு வீடே இல்லாத ஊரில், மணமான பெண் தானாகவே வேலையைவிட்டுப் போய்விடுவாள். எவரும் விலக்க வேண்டிய அவசியமில்லை.

சரி, வீடு ஏன் இல்லை? நிலமா இல்லை? குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ரஸ்தாவில் போகிறவர்களுக்குத் தெரியும், விளைச்சல் நின்று முள் முளைத்துக் கிடக்கும் நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. அதில் வீடு கட்டக் கூடாது என்று தடுப்பது தரித்திரமல்ல, வரைபடம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தார் 2008-ல் வெளியிட்டு, 2026-ஐ மனத்தில் வைத்துப் போட்ட இரண்டாவது பெருந்திட்டத்தில் நிலங்களுக்கெல்லாம் வர்ணம் பூசியிருக்கிறார்கள். குடியிருப்புக்கு ஒரு வர்ணம், தொழிலுக்கு ஒரு வர்ணம், விவசாயத்திற்கு ஒரு வர்ணம் என்று போகிறது அந்தப் படம். தோல் பதனிடும் தொட்டியைப் பள்ளிக்கூடத்திற்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு வர்ணம் பூசுவது நியாயமே. ஆனால் ஏரும் மாடும் போய் இருபது வருஷமான நிலத்திற்கு விவசாய வர்ணம் பூசி வைத்திருப்பதில் யாருக்கு லாபம்? உழுத குடியானவன் அதை மனையாக விற்க முடியாது. வகைப்பாடு மாற்றம் கேட்டு, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, ஆட்சேபணை தீர்த்து, கமிட்டிக்குப் போய், கெஜட்டில் வரும் வரையில் காத்திருக்க அவனிடம் பணமும் இல்லை, பட்டணத்தில் ஆளும் இல்லை. இரண்டும் உள்ளவன் வயல் விலைக்கு வாங்கி, சர்வே நெம்பர் ஒவ்வொன்றாக வர்ணத்தை மாற்றிக்கொண்டு, மனை விலைக்கு விற்கிறான். பூசின வர்ணம் ஒன்றுதான். அதைக் கழுவத் தெரிந்தவனுக்கு அது மூலதனம், தெரியாதவனுக்கு அது வேலி. 2022 அக்டோபரில் இந்தப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோ மீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க உத்தரவு பிறந்தபடியால், இதே கதை ஸ்ரீபெரும்புதூரையும் தாண்டிப் போகவிருக்கிறது.

மனை வாங்கக் கதியற்ற ஏழை என்ன செய்தான்? அங்கீகாரமில்லாத லே-அவுட்டில் வாங்கினான். கல் நட்டு, கொடி கட்டி, வேனில் அழைத்துப்போய், குலுக்கலில் தங்கக் காசும் கொடுத்து விற்றதை அவன் நம்பினான். சார்பதிவாளர் ஆபீசிலும் முத்திரை வாங்கிக்கொண்டு பதிந்து கொடுத்தார்கள். இருபது வருஷம் வாங்கின முத்திரைப் பணத்தைச் சர்க்கார் அங்கீகாரமில்லாத பணம் என்று தள்ளவில்லை. 2016 செப்டம்பரில் ஐகோர்ட்டு அப்படிப்பட்ட மனைகளைப் பதியக் கூடாது என்று தடுத்தவுடன், விற்றவன் எங்கேயோ போய்விட்டான், வாங்கினவன் கையில் காகிதத்துடன் நின்றான். மறு வருஷம் ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்து, கட்டணம் கட்டினால் குற்றம் கழியும் என்றார்கள். கோயிலில் காணிக்கை போட்டுப் பாபம் தீர்ப்பதற்கும் இதற்கும் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை. வடிகால் இல்லாத தெருவுக்குப் பணம் கட்டினதால் வடிகால் முளைத்துவிடுமா?

சர்க்கார் சும்மாயிருந்தது என்றும் சொல்லுவதற்கில்லை. 2019-ல் வந்த கட்டட விதிகளின்படி, ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் முன்பு 3,600 சதுர அடி கட்டலாம் என்றிருந்தது 4,800 ஆயிற்று. 2024 ஜூலையில், 2,500 சதுர அடிவரை உள்ள மனையில் 3,500 சதுர அடிவரை கட்டுகிறவர் தாமே உறுதிமொழி கொடுத்து உடனே அனுமதி பெறலாம் என்று செய்தார்கள். மேஜை மேஜையாக நடந்து, ஒவ்வொரு மேஜையிலும் கும்பிடு போட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆனாலும் இது மனை உள்ளவனுக்கு வந்த சுகம். மனையே இல்லாத பிட்டருக்கு, மனை உள்ளவன் மாடி கட்டி வாடகைக்கு விட்டால்தான் அதில் பங்கு. அந்த மாடியைக் கட்டவும், சுற்றிலும் இவ்வளவு இடம் விடு, மோட்டார் காருக்கு இவ்வளவு இடம் விடு, ரஸ்தா இத்தனை அடி அகலம் வேண்டும் என்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் போகிற தொழிலாளிக்குக் காருக்கு எதற்கு இடம்? இல்லாத காருக்கு இடம் விட்டுவிட்டு இருக்கிற மனிதனை வெளியே படுக்க வைக்கும் விதியை எந்தப் புத்திசாலி எழுதினானோ!

இப்படிச் சொல்லுவதால் விதியே வேண்டாம் என்கிறோமென்று எவரும் நினைக்க வேண்டாம். குன்றத்தூருக்கு அருகிலுள்ள மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ந் தேதி பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆந்திராவிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் நம் நாட்டுப்புறங்களிலிருந்தும் கூலிக்கு வந்த கட்டட வேலைக்காரர்கள். பிறருக்கு வீடு கட்ட வந்து, தங்களுக்கு வீடில்லாமல் போனவர்கள். அந்தக் கட்டடத்திற்கு அனுமதி இருந்தது. எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்று பார்க்க ஆபீசர் இருந்தார், தூண் தாங்குமா என்று பார்க்கத்தான் ஆளில்லை. அதேபோல 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டு அடையாறு புரண்டபோது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடிவரை தண்ணீர் நின்றது. தாழ்ந்த நிலத்தையும் ஓடையையும் மனையாக்கி விற்றதன் பலன் அது. அந்த வீடுகளுக்கு வாசற்படி எந்தத் திசை, சமையலறை எந்த மூலை என்று வாஸ்துக்காரனுக்குப் பணம் கொடுத்துக் கேட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒரு சர்வேயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? வெள்ளம் ஈசானிய மூலை பார்த்து ஒதுங்கிப் போகவில்லை. ஆகவே ஏரியையும் ஓடையையும் கட்டாதே என்பதும், தூணைப் பரிசோதி என்பதும் நமக்குச் சம்மதமான விதிகள். அவைகளை இரும்பு விதிகளாகவே வைக்கட்டும். மற்ற மேட்டு நிலத்தில், ரஸ்தாவும் வடிகாலும் முதலில் போட்டு, ஊர் ஊராக ஒரே வீச்சில் வர்ணத்தை மாற்றிவிடட்டும். சர்வே நெம்பர் சர்வே நெம்பராக மாற்றுவது தரகனுக்குச் செய்யும் உபகாரம்.

இனி, ஜாதி விஷயத்திற்கு வருவோம். 1955-ம் வருஷத்துச் சட்டத்தின் 4-வது பிரிவில், தீண்டாமை காரணமாக ஒருவனை எந்தப் பகுதியிலும் குடியிருக்கவொட்டாமல் தடுப்பது குற்றம் என்று எழுதியிருக்கிறது. எழுதியிருந்து என்ன? "மச்சினன் கேட்டான்" என்பதை எந்தக் கோர்ட்டில் ருசுப்படுத்துவது? 2019-ல் அமுலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. அதே வாக்கியத்தில், வேறு விதமாக உடன்படிக்கை இருந்தாலொழிய, என்றும் சொல்லுகிறது. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை வெளியே தொங்கவிட்டது போலத்தான் இது. வாசலில் ஒன்பது பேர் நிற்கையில் எந்த உடன்படிக்கையில்தான் கையெழுத்துப் போடமாட்டான் ஏழை?

இங்கேதான் நம் தோழர்கள் சிலருக்கும் நமக்கும் அபிப்பிராய பேதம். "ஜாதி ஒழிந்தால் வீடு கிடைக்கும், நீங்கள் மனைக்கணக்கும் மாடிக்கணக்கும் எழுதுவானேன்?" என்கிறார்கள். ஜாதி ஒழியும்வரை அந்தப் பிட்டரின் குழந்தை எங்கே தூங்கும்? வீட்டுப் பஞ்சம் இருக்கிறவரையில் வீட்டுக்காரனுக்கு ஜாதித் திமிர் செலவில்லாத சாமான். ஒருவனைத் தள்ளினால் அடுத்த நிமிஷம் இன்னொருவன் வருகிறான். வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்து, வாங்கின கடனுக்கு வட்டி கட்ட வேண்டிவந்தால், அப்பொழுது அந்தத் திமிருக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் விலை. அந்த விலை கொடுத்து ஜாதியைக் காப்பாற்றுகிறவர்களும் இருப்பார்கள்தான். ஆனால் எல்லோரும் அப்படி இருக்கமாட்டார்கள். ஆகவே வீடு பெருகுவது ஜாதி ஒழிப்பு வேலையில் சேர்ந்ததே என்பது நமது முடிவு. அது மட்டும் போதும் என்று சொல்லவில்லை.

போதாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே 1910-ல் பால்டிமோர் நகரத்தார், கறுப்பர் இந்தத் தெரு, வெள்ளையர் அந்தத் தெரு என்று சட்டமே போட்டார்கள். 1917-ல் அவர்களுடைய சுப்ரீம் கோர்ட்டு இவ்வகைச் சட்டம் செல்லாது என்று தீர்த்தது. உடனே வேறு வழி கண்டுபிடித்தார்கள். இந்தப் பகுதியில் ஒரு மனைக்கு ஒரு குடும்பந்தான், மனையும் இத்தனை அடிக்குக் குறையக் கூடாது என்று விதி செய்தார்கள். அதில் கறுப்பர் என்ற வார்த்தையே இல்லை, ஆனால் ஏழைக் கறுப்பன் உள்ளே வரமுடியாது. "சைவம் மட்டும்" என்று நம்மூரில் எழுதித் தொங்கவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அந்த ஞாபகந்தான் வருகிறது.

மாறாக, வியன்னா நகரத்தார் 1923-ல் பெரிய மாளிகைக்காரன் அதிகமாகவும் ஏழை சொற்பமாகவும் கட்டும்படி ஒரு வீட்டு வரி போட்டு, அந்தப் பணத்தில் 1934-க்குள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டித் தொழிலாளருக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். கார்ல் மார்க்ஸ் பெயரிட்ட ஒரே கட்டடத்தில் 1,382 வீடு. அங்கே வீடு தருகிறவன் முதலாளியல்ல, முனிசிபாலிட்டி. ஆதலால் வேலைநிறுத்தம் செய்தவன் மறுநாள் தெருவில் நிற்கவில்லை.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. 1998 ஆகஸ்டில் மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் முதலாவதாகத் திறந்த பெரியார் நினைவு சமத்துவபுரத்தில் நூறு வீடு. ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்று கலந்து கொடுத்தார்கள். சுடுகாடும் ஒன்றுதான். அதைக் கிராமத்தில் செய்த சர்க்கார், பல ஜாதியாரும் ஒரே யந்திரத்தைத் தொட்டு வேலை செய்யும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஏன் செய்யக் கூடாது? சிப்காட் விடுதி கட்டின அதே கையால், குடும்பத்தோடு இருக்கத்தக்க வாடகை வீடுகளை ஆலைக்குப் பக்கத்தில் கட்டட்டும். விகிதம் வைத்துக் குலுக்கிப் போட்டுக் கொடுக்கட்டும். எந்தக் கம்பெனியில் வேலை என்று பார்க்காமல் கொடுக்கட்டும். தனியார் வீட்டுக்கும் வாடகைச் சட்டத்தில், ஜாதியோ மதமோ சாப்பாடோ கேட்டு வீடு மறுத்தால் அபராதம் என்று ஒரு பிரிவு சேர்க்கட்டும். அந்த "உடன்படிக்கை இருந்தாலொழிய" என்பதை அடித்துவிடட்டும்.

கடைசியாக ஒரு விஷயம், எழுத மனமில்லாமலே எழுதுகிறோம். இந்தப் பிராந்தியத்தில் நமது கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவரும், மேடையில் ஜாதி ஒழிப்புப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவருமான ஒரு தோழர், தம் தெருவுக்கடுத்த காலி இடத்தில் தொழிலாளருக்கு அடுக்கு வீடு கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, "தெரு கெட்டுவிடும், மனை விலை விழுந்துவிடும்" என்று மகஜர் எழுதி வீடுவீடாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அந்த மகஜரின் நகல் ஒன்று நமக்கு வந்தது. அதில் நம் சந்தாதாரர்கள் கையெழுத்து ஆறு இருக்கிறது. தெரு எப்படிக் கெடும், யார் வந்தால் கெடும் என்று அவருக்கு எழுதிக் கேட்டோம். நேரில் வந்து விளக்கம் சொல்லுவதாகப் பதில் எழுதியிருக்கிறார். நேரில் வேண்டாம், எழுத்திலேயே கொடுங்கள், நம் பத்திரிகையில் ஓர் எழுத்துக் குறைக்காமல் வெளியிடுகிறோம் என்று மறுபடி தெரிவித்திருக்கிறோம். வந்தவுடன் வெளியிடுவோம்.